நெம்மேலிக் குழாயும் நத்தைகுத்தி நாரையும்

சென்னையில் மழை பொய்த்தால் இப்போதெல்லாம் முதலில் பேசப்படும் ஊர் நெம்மேலி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே இருக்கும் கடலோரச் சிற்றூர். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2013-ல் இங்கே திறக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று வந்தது. பக்கத்திலேயே பேரூரில் 40 கோடி லிட்டருக்கு மூன்றாவதாக ஒன்றுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த நகரம் அல்லவா? கடலைத் தேடிப் போனதில் தப்பு சொல்ல முடியாது.

நெம்மேலியிலிருந்து நேர்கோட்டில் தென்மேற்கே பறந்தால் நாற்பது கிலோமீட்டர் சொச்சத்தில் வேடந்தாங்கல். இரண்டும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம். இரண்டுக்கும் மழை கொடுப்பது ஒரே வடகிழக்குப் பருவக்காற்று. அது பொய்த்த ஆண்டில் மனிதனுக்குக் கடலிலிருந்து குழாய் வருகிறது. ஏரிக்குள் நிற்கும் மரத்தில் கூடு கட்ட வரும் நாரைக்கு என்ன வருகிறது என்று கேட்டால், "பறவைதானே, வேறு எங்காவது பறந்து போய்விடும்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். அந்தப் பதில் சரியா என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் வேடந்தாங்கல் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். 'தாங்கல்' என்றால் சிறிய ஏரி. பழவந்தாங்கல் போலத் தொண்டை மண்டலத்தில் இந்தப் பெயர் கொண்ட ஊர்கள் நிறைய உண்டு. வேடன் பெயரைத் தாங்கிய ஊர் பறவைகளுக்கு அடைக்கலம் தருகிறது என்பது ஒரு வேடிக்கை. சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள ஏரி, அதற்குள் நீர்க்கடம்பும் கருவேலமுமாக ஒரு சின்னத் தோப்பு. பெரிய காடு ஒன்றும் இல்லை. பறவைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு முதல்முறை வருகிறவர்கள் "இவ்வளவுதானா?" என்றுகூட நினைப்பார்கள். ஆனால் அக்டோபர், நவம்பரில் மழை பெய்து ஏரி நிரம்பினால் அந்தத் தோப்பு அப்படியே தீவாகிவிடுகிறது. அடிமரம் தண்ணீருக்குள், கிளை தண்ணீருக்கு மேலே, கரைக்கும் மரத்துக்கும் நடுவே அகழி மாதிரி நீர். நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், இராக்கொக்கு எல்லாம் தேடி வருவது மரத்தை மட்டுமல்ல, அந்த அகழியையும்தான்.

மரம் வேண்டும் என்றால் சுற்றுவட்டாரக் காப்புக்காடுகளில் இல்லாத மரமா? அங்கே இந்தப் பறவைகள் கூட்டமாய்க் கூடு கட்டுவதில்லை. தண்ணீருக்கு நடுவில் இருந்தால் நரி வராது, காட்டுப்பூனை வராது, ஊர் நாய் வராது. தலைக்கு மேலிருந்து வரும் காக்கையையும் பருந்தையும் அகழி தடுக்காதுதான். ஆனாலும் தரையிலிருந்து வரும் ஆபத்து குறைந்தாலே ஆயிரக்கணக்கான கூடுகளைப் பக்கம் பக்கமாகக் கட்டலாம் என்ற துணிச்சல் வந்துவிடுகிறது. ஒரே மரத்தில் மேல்கிளையில் நாரை, நடுக்கிளையில் கொக்கு, கீழ்க்கிளையில் நீர்க்காகம் என்று மாடி வீடு போலக் குடியிருப்பது இதனால்தான்.

இப்போது மழை பொய்த்த ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அதற்கு முந்தைய மாதம்தான் வர்தா புயல் சென்னையை ஒட்டிக் கரை கடந்து மரங்களை முறித்துப் போட்டிருந்தது. புயலும் வறட்சியும் ஒரே பருவத்தில்! இரண்டு ஆண்டு கழித்து 2018-லும் பருவமழை ஏமாற்ற, 2019-ல் சென்னை தவித்தது.

வறட்சி என்றதும் பறவை தாகத்தால் சாவதுதான் கண்முன் வரும். உண்மையில் நடப்பது வேறு. தாகம் கடைசியில்தான் வருகிறது. முதலில் போவது அகழி. ஏரி பாதி நிரம்பினால் ஓரத்து மரங்கள் தரையில் நிற்கின்றன. நடுவில் உள்ளவற்றுக்கு மட்டுமே தண்ணீர். இடம் சுருங்குகிறது, வந்த பறவைகளில் ஒரு பகுதி கூடு கட்டாமலே திரும்பிவிடுகிறது. ஏரி அறவே நிரம்பாவிட்டால் வட்டமிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடும். இது ஒருவகையில் நல்லது. ஏமாற்றம் ஆரம்பத்திலேயே முடிந்துவிடுகிறது.

மோசமானது பாதியில் ஏமாற்றும் ஆண்டு. நவம்பரில் இரண்டு நல்ல மழை பெய்து ஏரி ஓரளவு நிரம்புகிறது. பறவைகள் நம்பி முட்டையிடுகின்றன. டிசம்பரில் மழை நின்றுவிடுகிறது. ஜனவரி கடைசியில் குஞ்சுகள் கூட்டில் வாயைப் பிளந்து காத்திருக்கும்போது மரத்தடியில் சேறு தெரிய ஆரம்பிக்கிறது. ஒரு மாதத்தில் அந்தச் சேறு நாய் நடக்கும் தரையாகிவிடுகிறது. இதைவிடப் பெரிய பிரச்சினை சாப்பாடு. நத்தைகுத்தி நாரையின் பெயரே சொல்கிறது, அதன் அலகின் நடுவில் இருக்கும் இடைவெளியே நத்தைக்காகத்தான். வயலில் தண்ணீர் வற்றினால் நத்தை ஓட்டின் வாயை மூடிக்கொண்டு சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைவரை தூங்கப் போய்விடும். நத்தைக்கு அது தப்பிக்கும் வழி, நாரைக்குப் பட்டினி. ஏரி சுருங்கும்போது மீன்கள் ஒரு குட்டையில் சேர்ந்துகொள்வதால் கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும் சில நாள் விருந்து நடக்கும். பார்ப்பவர்களுக்குப் பறவைகள் கொழித்திருப்பதாகத் தோன்றும். பிறகு அந்தக் குட்டையும் காலி. உண்ணிக்கொக்கு மட்டும் மாட்டின் பின்னால் போய் வெட்டுக்கிளி பிடித்துச் சமாளித்துக்கொள்ளும். ஆக வறட்சி எல்லோரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. மீனையும் நத்தையையும் நம்பியவர்களுக்குத்தான் பலத்த அடி.

இதையும் சொல்ல வேண்டும்: ஓர் ஆண்டு கூடு கட்டாமல் போனால் இந்தப் பறவையினங்கள் அழிந்துவிடப் போவதில்லை. நாரைகளும் கூழைக்கடாக்களும் பல ஆண்டு வாழ்பவை. நிலைமை சரியில்லை என்றால் அந்த ஆண்டு இனப்பெருக்கத்தை ஒத்திப்போடும் பக்குவம் அவற்றுக்கு உண்டு. தமிழ்நாட்டில் வறட்சி புதிதும் அல்ல. எச்சம் கொட்டிக் கொட்டிக் கருகிய மரங்களுக்குக்கூட ஓர் ஆண்டு ஓய்வு கிடைப்பது நல்லதுதான். ஆகவே ஒவ்வொரு வறட்சியிலும் "வேடந்தாங்கல் அழிகிறது" என்று எழுதப்படும் செய்திகளில் கொஞ்சம் மிகை உண்டு. கவலைப்பட வேண்டியது வேறொன்றுக்கு.

அது என்னவென்று புரிய உண்மையான கடல் தீவுகளுக்குப் போய் வருவது உதவும். தென் அமெரிக்காவுக்கு மேற்கே பசிபிக் கடலில் கலாபகஸ் தீவுக்கூட்டம் இருக்கிறது. அதில் டாஃப்னி மேஜர் என்பது ஒரு குட்டித் தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற விஞ்ஞானத் தம்பதி 1973 முதல் அங்குள்ள தரைக் குருவிகளைக் காலில் வளையம் மாட்டி ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்து வந்தார்கள். 1977-ல் அங்கே மழை ஏறக்குறைய இல்லை. செடிகள் விதை போடவில்லை. மென்மையான சிறு விதைகள் தீர்ந்ததும் மிஞ்சியது முள் நிறைந்த கெட்டிக் காய்கள். நம்மூர் நெருஞ்சி இருக்கிறதே, அதன் பேரினத்தைச் சேர்ந்த செடிதான்! பெரிய அலகுள்ள குருவிகளால் அதை உடைக்க முடிந்தது, சிறிய அலகுக்கு முடியவில்லை. நடுத்தரத் தரைக்குருவிகளில் நூற்றுக்குச் சுமார் எண்பத்தைந்து மறைந்துபோயின. பிழைத்தவற்றின் குஞ்சுகளுக்குச் சராசரி அலகே பெரிதாக இருந்தது. பரிணாமப் பாடத்தில் இது புகழ்பெற்ற கதை. ஆனால் குருவியின் பக்கமிருந்து பார்த்தால் கதை எளிமையானது, போக வேறு இடமில்லை.

ஹவாய்த் தீவின் மௌனா கேயா மலைச்சரிவில் பலிலா என்றொரு மஞ்சள் தலைக் குருவி உண்டு. உலகில் வேறெங்கும் கிடையாது. மாமனே என்ற மரத்தின் பச்சைக் காய்களை நம்பி வாழ்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே அடிக்கடி வந்த வறட்சியில் மாமனே காய்ப்பு குறைந்தது, காட்டை மேய்ந்து தின்னும் ஆடுகளும் சேர்ந்துகொள்ள, 2003-க்குப் பிறகு பலிலாவின் எண்ணிக்கை சரிந்துகொண்டே வந்திருக்கிறது. இன்னொரு மலைக்குப் போகலாமே என்றால் அதற்கேற்ற காடு வேறெங்கும் போதிய அளவு இல்லை.

வேடந்தாங்கல் பறவைகளின் நிலை இதற்கு நேர் எதிர். அவற்றின் தீவு ஏரித் தண்ணீர் போட்ட தீவு, வந்துவந்து மறைவது. கடல் தீவுக்காரர்களுக்கு இல்லாத வசதி ஒன்று அவற்றுக்கு உண்டு: இந்த ஏரி வற்றினால் அடுத்த ஏரி. பத்து கிலோமீட்டருக்குள் கரிக்கிலி இருக்கிறது. இரண்டும் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. அதைத் தாண்டி மதுராந்தகம், செங்கல்பட்டு, உத்திரமேரூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏரிதான். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு பக்கம் மழை பெய்து இன்னொரு பக்கம் பெய்யாமல் போவது இங்கே சகஜம். எங்கே நிரம்பியதோ அங்கே போய் இறங்கும் சுதந்திரம்தான் இத்தனை நூற்றாண்டு வறட்சிகளிலும் இவற்றைக் காப்பாற்றியது. "வேறு எங்காவது பறந்து போய்விடும்" என்ற பதில் ஒரு காலத்தில் முழுக்கச் சரியாகவே இருந்தது.

இன்று அந்த 'எங்காவது' சுருங்கிக்கொண்டு வருகிறது. ஏரி என்பது தனியாக நிற்கும் குளம் அல்ல. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரி நீர் வழிந்து, வரத்துக்கால்வாயில் ஓடி, கீழ் ஏரிக்கு வரும். கீழ் ஏரி நிரம்பினால் அதற்கும் கீழே. சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் கீழே உள்ளதெல்லாம் காயும், அதுவும் மழை பெய்த ஆண்டிலேயே! ஜி.எஸ்.டி. சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் நகரம் நீண்டுகொண்டே போக, முதலில் காணாமல் போவது ஏரி அல்ல, கால்வாய். ஏரிக்கு வரைபடத்தில் பெயர் இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது. இரண்டு வயலுக்கு நடுவே புதர் மண்டிக் கிடக்கும் கால்வாயை மண் கொட்டி மூடினால் யாருக்குத் தெரியும்? மூன்று வருடம் கழித்து "இந்த ஏரி ஏன் நிரம்பவே இல்லை?" என்று கேட்கும்போது மேலே மனை எண் போட்ட கல் நின்றிருக்கும். அதையும் சேர்த்து வறட்சி என்றுதான் எழுதுவார்கள்.

வானம் செய்யும் வறட்சிக்குப் பறவைகள் பழகியிருக்கின்றன. பழகாதது மனிதன் செய்யும் வறட்சிக்கு. இதற்கு இந்தியாவிலேயே பெரிய உதாரணம் ராஜஸ்தானின் பரத்பூர். உலகப் பாரம்பரியச் சின்னம், சங்குவளை நாரைகளுக்கும் கொக்குகளுக்கும் பேர்போன இடம். மேலே கம்பீர் ஆற்றில் பாஞ்சனா அணை வந்தது. 2000-களின் முற்பகுதியில் மழையும் குறைந்தது. அணைத் தண்ணீரைச் சரணாலயத்துக்குத் திறந்தால் எங்கள் பயிர் என்னாவது என்று அணைப் பக்கத்து விவசாயிகள் போராடினார்கள், அரசு தண்ணீர் விடவில்லை. சில ஆண்டுகள் அங்கே கூடு கட்டுவதே ஏறக்குறைய நின்றுபோனது. பிறகு கோவர்தன் வடிகாலிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. விவசாயிகளை வில்லனாக்கிப் பேசுவது சுலபம். அவர்கள் கேட்டதும் தண்ணீரைத்தானே?

இந்த விஷயத்தில் வேடந்தாங்கல்காரர்கள் எல்லோருக்கும் முன்னோடிகள். பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை விஞ்ஞானம் சொல்லும் முன்பே கண்டுகொண்டவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். 1858-ல் அது மீண்டும் உறுதி செய்யப்பட்டது. அந்தக் கலெக்டர் லயோனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரி உடையும் நிலையில் இருந்த ஒரு மழை இரவில் வில்லேந்திய இருவர் கரையில் காவல் நிற்கக் கண்டார் என்று ஏரிகாத்த ராமர் கோயில் கதையில் வருவாரே, அதே பிளேஸ்தான். ஏரிக்கரையை உடையாமல் காப்பதும் பறவையைச் சுடாமல் காப்பதும் ஒரே அதிகாரியின் மேசைக்கு வந்தது தற்செயல் இல்லை. அந்தக் காலத்தில் இரண்டும் ஒரே விஷயம், ஏரி என்ற விஷயம்.

இன்று ஏரிக் கரை ஒரு துறை, பறவை இன்னொரு துறை, கால்வாய் ஓடும் நிலம் மூன்றாவது துறை. வறட்சி ஆண்டில் இந்தப் பிரிவு பளிச்சென்று தெரியும். ஏரி காய்ந்தால் தூர்வார நல்ல சமயம் என்று இயந்திரங்கள் இறங்குகின்றன. 2017-ல் தொடங்கிய குடிமராமத்துத் திட்டம் நல்ல நோக்கம்தான், நூற்றுக்கணக்கான ஏரிகளில் மண் எடுத்தார்கள். ஆனால் ஏரியின் அடியைச் சட்டி போல ஒரே ஆழத்துக்குத் தோண்டினால் தண்ணீர் அதிகம் நிற்கும், நாரை நிற்காது. கால் நனைய நடந்து இரை தேடும் பறவைக்கு முழங்கால் அளவுத் தண்ணீர் உள்ள சரிவு வேண்டும். ஏரிக்குள் நிற்கும் கருவேலத்தைச் சீமைக்கருவேலம் என்று நினைத்து வேரோடு பிடுங்கிவிட்டால் தீவே போயிற்று. இத்தனைக்கும் ஏரிக்குள் புதுக் கன்று நட வாய்ப்பளிப்பதே வறண்ட காலம்தான். தண்ணீர் நிற்கும்போது போய் எப்படி நடுவது? எடுத்த மண்ணில் ஒரு பங்கை ஏரிக்குள்ளேயே நாலைந்து திட்டாகக் குவித்து நீர்க்கடம்பு நட்டால், பத்துப் பதினைந்து வருடத்தில் இன்னொரு வேடந்தாங்கல் உருவாக இடம் உண்டு. எல்லா ஏரியிலும் வேண்டாம், தாலுகாவுக்கு இரண்டு போதும். தனிப் பணம்கூடத் தேவையில்லை, ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

சரணாலயத்தின் எல்லை ஏரியிலிருந்து 5 கிலோமீட்டர் சுற்றளவு. அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை 2020-ல் வந்து, பலத்த எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் அந்தச் சண்டையில் ஒன்று மறந்துபோனது. கூழைக்கடா இரை தேடி இந்த ஐந்து கிலோமீட்டரைச் சர்வசாதாரணமாகத் தாண்டிப் போகும். வறட்சி ஆண்டில் இன்னும் தூரம். எல்லைக்குள்ளே இருப்பது படுக்கையறை மட்டும், சமையலறை முழுக்க வெளியே. கணக்கில் வராத ஊர் ஏரிகளும் நெல் வயல்களும் கழிவெளிகளும்தான் அது.

அப்படிக் கணக்கில் வராத இடங்களில் நெம்மேலிப் பக்கமும் சேர்த்தி. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் நடுவே, பக்கிங்காம் கால்வாயை ஒட்டிக் கிடக்கும் ஆழமில்லாத உப்புத் தண்ணீர் வெளியில் குளிர்காலத்தில் பறவைகள் குவிந்து இரை தேடுவதைப் பேருந்தில் போகிறவர்கள்கூடப் பார்க்கலாம். உள்ளே ஏரிகள் காய்ந்தாலும் கடலோடு தொடர்புள்ள கழியில் கொஞ்சமாவது மீன் இருக்கும். இந்தத் திருப்போரூர் வட்டாரத்தில் சென்னையின் குடிநீருக்காகப் புதிய நீர்த்தேக்கம் கட்டப்போவதாக 2025 மாநில பட்ஜெட்டில் அறிவித்தார்கள். 1.6 டி.எம்.சி. நன்னீர். நகரத்தின் தாகத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் உப்பும் நன்னீருமாய்க் கலந்து ஏறி இறங்கும் ஆழமில்லாத நீர்வெளியும், கரை கட்டித் தேக்கிய ஆழமான நீர்த்தேக்கமும் பறவைக்கு ஒன்றல்ல. அங்கே மீன், இறால் பிடித்துப் பிழைக்கும் மீனவர்களுக்கும் ஒன்றல்ல. நகரத்தின் வறட்சிக்கு மருந்தாக வரும் திட்டம் பறவைகளின் வறட்சிக்கால அன்னதானச் சத்திரத்தை இடிக்கிறதா என்ற கேள்வியைத் திட்ட அறிக்கை கேட்டாக வேண்டும். கரையின் ஒரு பக்கத்தையாவது சரிவாக விட முடியுமா, உப்பு நீர் வெளியில் ஒரு பகுதியைத் தொடாமல் வைக்க முடியுமா என்பதெல்லாம் கட்டும் முன் கேட்டால் பொறியாளர்கள் பதில் கண்டுபிடிக்கக்கூடிய கேள்விகள். கட்டிய பின் கேட்டால் பதில் இருக்காது.

கடல்நீர் நிலையங்கள் வந்த பிறகு நகரத்துக்கு ஒரு தெம்பு வந்திருக்கிறது. அந்தத் தெம்பில் ஏரிகளை மறப்பதற்குப் பதில், ஏரிகளின் மேல் இருக்கும் நெருக்கடியைக் கொஞ்சம் தளர்த்தலாம். முன்பெல்லாம் பஞ்ச காலத்தில் செங்கல்பட்டுச் சுற்றுவட்டாரக் கிணறுகளிலிருந்தும் ஏரி ஓரத்து ஆழ்துளைக் குழாய்களிலிருந்தும் லாரி லாரியாகத் தண்ணீர் நகரத்துக்குப் போனது. ஏரியின் பக்கத்தில் இரவு பகலாக மோட்டார் ஓடினால் ஏரியின் நீர்மட்டமும் இறங்கும், பிப்ரவரியில் குஞ்சுகளுக்கு அடியில் இருக்க வேண்டிய தண்ணீர் டிசம்பரிலேயே போய்விடும். நெம்மேலியில் நாளுக்கு 25 கோடி லிட்டர் வருகிற காலத்தில், வேடந்தாங்கலையும் கரிக்கிலியையும் சுற்றிய ஊர்களில் வியாபாரத்துக்கு உறிஞ்சுவதை நவம்பர் முதல் மார்ச் வரையாவது நிறுத்தி வைத்தால் நகரத்தில் எந்தக் குடமும் காலியாகாது.

அடுத்த பொய்த்த மழை எந்த ஆண்டு வரும் என்று யாரும் சொல்ல முடியாது. வரத்துக்கால்வாய்களை அளந்து, அடைப்பெடுத்து, கலங்கல்களைச் சரிபார்க்கும் வேலையோ ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் செய்யக்கூடியது. அக்டோபர் பிறந்ததும் நாரைகள் வானத்தில் வட்டமிட ஆரம்பித்துவிடும்.